நாலு வயரும் ஒரு பெருவிரலும்

பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்தாலே சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். "பெட்டி வந்திருக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் பெட்டிக்குள் இருப்பது ஒரே சாமான்தான். டிஜேக்கள் ரெக்கார்டு தட்டைச் சுழலவிட்டுக் கையால் முன்னும் பின்னும் தேய்ப்பார்களே, அந்த டர்ன்டேபிள். வைத்திருப்பவர்கள் அதை டெக் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். ஆட்டுக்கல்லைத் தூக்குகிற மாதிரி இடுப்பொடியத் தூக்க வேண்டும். பெரும்பாலும் ஜோடியாக வரும். பெங்களூரிலிருந்து, கொச்சியிலிருந்து, கோவாவிலிருந்து, மதுரையிலிருந்து, எல்லாம் ராஜபாளையத்தில் ஒரு முட்டுச்சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி வரும்.

"இந்தக் காலத்துல ரெக்கார்டு யாரு கேக்குறா?" என்று எதிர் வீட்டு அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார். பாட்டுக் கேட்க இது வேண்டாம்தான், போன் போதும். ஆனால் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, இழுத்து, தேய்த்து விளையாட வேறு சாமான் சரிப்படாது என்கிறார்கள். இப்போதெல்லாம் பாட்டு லேப்டாப்பில் இருக்கிறது. தட்டில் பாட்டே கிடையாது, கீ என்று ஒரு சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு லேப்டாப் பாட்டை ஓட்டுகிறது. அதற்கும் இதே டெக்தான் வேண்டும். அதன் மோட்டார் முப்பது வருஷம் ஆனாலும் சாகாது. சாவது தட்டின்மேல் ஊசியைத் தாங்கி நிற்கிற ஊசிக் கை மட்டும், ஆர்ம் என்பார்கள். பழைய தொழில்கள் எல்லாம் அழிகின்றன என்று பேப்பரில் அடிக்கடி எழுதுகிறார்கள். இந்த ஊசிக் கையைச் சரிபண்ணுகிற எங்கள் தொழிலைப் பற்றி யாரும் அப்படி எழுத முடியாது. அழிந்தால் நானே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பேன்.

இந்தத் தொழில் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு விபத்து. என் வீட்டுக்காரர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கம் கோயில் கொடை, கல்யாணம், சர்ச் கன்வென்ஷன் எதுவானாலும் இவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள்தான் போகும். ஒருநாள் மதுரையில் ஒரு ஓட்டலில் கழித்துக் கட்டிய டெக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டு ஜோராகச் சுற்றியது, சத்தம் வரவில்லை. ஊசிக் கைக்குள் ஓடுகிற நாலு வயரும் அறுந்திருந்தன. சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். தலைமுடியை விட மெல்லிசு. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். "இது வயரா, கொசு மீசையா?" என்று கடைசியில் கத்திவிட்டு எழுந்து போனார்.

நான் அப்போது வீட்டில் சும்மா இருந்தேன். அதற்கு முன் பதினோரு வருஷம் நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் செக்ஷனில் இருந்தவள். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் வேலை. கண்ணுக்கே சரியாகப் படாத நூறாம் நம்பர் நூலைக்கூட மெஷினைப் பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் முடிவேன். முடிச்சுப் போடுகிற மெஷின் வந்தது, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் விரல்கள் வீட்டுக்கு வர மறுத்தன. சேலை முந்தானையில் நூல் பிரிந்திருந்தால்கூட அவை தானாகப் போய் முடியும். அவர் எழுந்து போன இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

ஊசிக் கை வளைந்த குழாய், கம்பி விட்டால் பாதியில் நிற்கும். நான் ஒரு முனையில் மெல்லிசு நூலை விட்டு, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினேன். நூல் நாக்குக்கு வந்துவிட்டது. அதன் வாலில் நாலு வயரையும் சேர்த்து முடிந்து இழுத்தால் முடிந்தது வேலை. சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுகிறதை அவர் சொல்லிக் கொடுத்தார். ஒட்டியது சரியா இல்லையா என்று பார்க்க, ஆறியதும் அந்த இடத்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு உருட்டுவேன். மில்லில் முடிச்சை அப்படித்தான் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் பெருவிரலுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அந்த டெக் பாடியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தானே பாடிய மாதிரி இருந்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் ஆள் வந்தார். "யாரு மாஸ்டர் சரி பண்ணது?" என்று கேட்டார். "நாந்தான்" என்றார் என் வீட்டுக்காரர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தவறி வந்ததுதான். ஆனால் அப்படியே நிலைத்துவிட்டது. போன் எடுத்தால் "மாஸ்டர் இருக்காரா?" என்பார்கள். நேரில் வருகிறவர்களை முன்னறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, "உள்ள டெஸ்ட் பெஞ்ச் இருக்கு, செத்த நேரம் இருங்க" என்று டெக்கைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். டெஸ்ட் பெஞ்ச் என்பது நானும் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பழைய தையல் மேசையும்.

கோபம் வராமல் இல்லை. வந்தது. முதல் நாலைந்து வருஷம் நன்றாகவே வந்தது. பொறுமையானவள் என்று யாரும் என்னைச் சொன்னது கிடையாது. ஆனால் சண்டை போட உட்காரும்போதெல்லாம் இன்னொரு பெட்டி வந்துவிடும். அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடரைக் கழுவுவார், பேரிங்குக்கு மில்லில் வாங்கிய ஸ்பிண்டில் ஆயில் இரண்டு சொட்டு விடுவார், ஆட்களிடம் பேசுவார். பேசுவதற்கு எனக்கு வராது. அதனால் விட்டுவிட்டேன்.

பெட்டியைப் பிரித்தால் எந்த ஊர் என்று அழுக்கே சொல்லிவிடும். கோவா டெக்கில் உப்புத் துரு, கொச்சி டெக்கில் பூஞ்சை, பெங்களூர் டெக்கில் பீர். குடித்துவிட்டு ஆடுங்கள், யார் வேண்டாம் என்றது, கிளாஸை மெஷின் மேல்தான் வைக்க வேண்டுமா? சிலர் "திருப்பி அனுப்புறப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ சேத்து வைங்க மாஸ்டர்" என்று வேறு சொல்வார்கள். அதையும் நான்தான் டப்பாவில் போட்டுக் கட்ட வேண்டும்.

போன வருஷம் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. விடியும்போது கை இருக்கிற இடமே தெரியாது. உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. டம்ளர் நழுவியது, கொசுவம் வைக்கும்போது மடிப்பு விலகியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பெங்களூருக்குப் போன ஒரு டெக் திரும்பி வந்தது. ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வருகிறது, லேப்டாப்பில் பாட்டு கோணல்மாணலாக ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். "எங்க வேலைல கோளாறு வராது தம்பி, உங்க லேப்டாப்பைப் பாருங்க" என்று இவர் போனில் சத்தம் போட்டார். நான் ஊசிக் கையின் அடியைத் திறந்து வெள்ளை வயரை லேசாகத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

நான் வைத்த ஒட்டு அது. பெருவிரலில் உருட்டிப் பார்த்து, சரி என்று அனுப்பியது. மறுபடி ஒட்டி, உருட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிற மாதிரியே இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முள் முள்ளாக நிற்கிறது. இடது பெருவிரலில் உருட்டினேன், முள் குத்தியது. வலது விரலில் எதுவும் இல்லை. அப்போது எனக்கு வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். எத்தனை டெக் இப்படிப் போயிருக்கும் என்று தெரியவில்லை.

என்னோடு மில்லில் இருந்த மம்சாபுரத்துக்காரி ஒருத்தி, இப்போது கூலி வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் இதே தொந்தரவு வந்திருந்தது. அவள் சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு காகிதத்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் இழுத்ததும் அது வழுக்கிக்கொண்டு போனது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"வீட்டு வேலைதாம்மா" என்றேன். பழக்கம், அப்படித்தான் வந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் சில்லறையைத் தேடினார்.

"வீட்டு வேலையில பெருவிரல் சதை இப்படி இளைக்காதே" என்றார் டாக்டர். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, அதை அசையாமல் பிடித்து வைக்கிற பட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்றார். இப்படியே விட்டால் அந்தச் சதை போய்விடும், போனால் திரும்ப வராது, பிறகு சேலைக்கு ஊக்குக்கூடக் குத்த முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது இவர் என் பட்டை போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "மூணு மாசத்துக்கு ஒரு பெட்டி உள்ள வராது. இது சத்தியம்" என்றார்.

நாலு நாள் வரவில்லை. போன் மட்டும் வந்தது. "பார்ட்ஸ் வரல" என்பார். "பார்ட்ஸ் வேண்டாம் மாஸ்டர், ஆர்ம் மட்டும்தான்" என்பார்கள். "ஊருக்குப் போறேன்" என்பார். "எப்ப வாரீங்க?" என்பார்கள். அவர் படும் பாடு எனக்குப் புரிந்தது. முடியாது என்று சொல்ல ஒரே காரணம் என் கை. கை சரியில்லை என்றால், யார் கை என்று சொல்ல வேண்டி வரும். அதை அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லித் தொலையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எத்தனை நாள்தான் முழுங்குவார் பார்க்கலாம் என்று இருந்தேன். என் கை போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு எனக்குள் வீம்பு இருந்தது.

ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து ஒரு பெண் போன்கூடச் செய்யாமல் நேரில் வந்துவிட்டாள். கல்யாண வரவேற்புகளில் டிஜே போடுகிறவள். டெக்கைத் தன் இடுப்பில் வைத்தே சந்து முழுக்கத் தூக்கி வந்திருந்தாள். வலது பக்கம் சத்தமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை புரோகிராம். இவர் டெக்கோடு பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "நேர்ல வந்துட்டா. ஒரே ஒரு வயருதான். அரை மணி நேர வேலை."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டெக்கைப் பார்த்தார். பட்டையைக் கழற்றினேன். அவ்வளவு ஆத்திரம் இருந்தும் கை தானாகப் போய் விளக்கைப் போட்டது.

சிவப்பு வயர்தான் விட்டிருந்தது. சூட்டுக்கோலை எடுத்து, பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தேன். முனை நடுங்கியது, அதனால் கோலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பிடித்தேன். ஈயம் உருகி உட்கார்ந்தது. அப்போது கருகல் வாடை வந்தது. வயரின் மேல்பூச்சு கருகுகிறது, கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, "சனியனே" என்று வயரைத் திட்டினேன். வாடை நிற்கவில்லை. கண்ணை எடுத்துப் பார்த்தால் கோலின் இரும்புப் பகுதி என் பெருவிரல் மேல் படுத்திருக்கிறது. கருகியது நான்தான். வலி துளிகூட இல்லை. வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நிற்கும்போது, வாடைக்கு அந்தப் பெண்ணும் உள்ளே வந்துவிட்டாள். மேசை, கண்ணாடி, புகைகிற கோல், என் விரல், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மாஸ்டர், ஆன்ட்டிக்கு என்னாச்சு?" என்றாள்.

இவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் மாஸ்டர் இல்லம்மா. இவதான். மொத மெஷின்ல இருந்து இவதான். எனக்கு அந்த வயரப் புடிக்கவே வராது."

எத்தனையோ வருஷம் இந்த வார்த்தையை மனதுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். யார் முன்னால் சொல்வார், நான் என்ன பதில் சொல்வேன் என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். வந்தபோது, உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது. உட்கார்ந்தேன். அந்தப் பெண் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விரலுக்கு மருந்து போட்டாள். நல்ல பிள்ளை. "டெக் இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. ஞாயித்துக்கெழமைக்கு வேற ஒண்ண வாடகைக்கு எடுத்துக்கறேன். உங்க கை சரியானதும் பாருங்க, நான் காத்திருக்கேன்" என்றாள். அது முடிந்த கதை என்று நினைத்தேன்.

இவருக்கு அன்றிலிருந்து பூட்டுத் திறந்த மாதிரி ஆகிவிட்டது. கன்வென்ஷனில் சாட்சி சொல்கிறவர் போல, போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் ஆதியிலிருந்து சொன்னார். மில், நூல், கொசு மீசை, வாய் வைத்து உறிஞ்சியது, கடைசியில் பெருவிரல். பட்டை போட்ட என் கையைப் போட்டோ எடுத்து டிஜேக்கள் குரூப்பில் போட்டுவிட்டார். எல்லாரையும் வரவிடாமல் செய்ய இதுவே போதும் என்று நம்பினார், பாவம். நானும் நம்பினேன்.

அடுத்த வாரத்திலிருந்து போன் எனக்கு வந்தது. "அக்காகிட்ட குடுங்க மாஸ்டர்" என்பார்கள்.

"அக்கா, கை எப்படி இருக்கு?"

"தேவலாம்பா."

"எப்பக்கா சரியாகும்?"

அதோடு பெட்டியும் வந்தது. அவசரமே இல்லை, கை ஆறட்டும், ஆனால் பெட்டி உங்களிடமே இருக்கட்டும், வரிசையில் இடம் வேண்டுமே என்றார்கள். கொச்சிக்காரர் ஒருவர் கைக்குத் தைலம் அனுப்பினார், இரண்டு டெக்கோடு சேர்த்து. கட்டிலுக்கு அடியில் பெட்டி, கிரைண்டருக்குப் பக்கத்தில் பெட்டி. சாமி படத்துக்கு விளக்கேற்றப் பெட்டியைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் என் பெயர் எழுதியிருந்தது. முன்பெல்லாம் அவர் பெயர்தான் இருக்கும். மாஸ்டராக இருந்தவர் தப்பித்துவிட்டார், நான் மாட்டிக்கொண்டேன் என்று தோன்றியது. அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பில்தான் எனக்கு மூச்சு முட்டியது.

ஆனால் அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் விரல்கள் வேலையைத் தேடின. பிறகு அடங்கிவிட்டன. இவர் சமைத்தார். சாம்பார் வாயில் வைக்க விளங்காது, ஆனால் சுடச்சுடத் தட்டில் வந்தது. எனக்குத் தலை பின்ன முடியாது என்று இவரே கோணலாகப் பின்னிவிட்டார். மத்தியானம் படுத்தால் தூக்கம் வந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் மத்தியானம் தூங்கியதே கிடையாது. மில்லில் ஷிப்ட், வீட்டில் ஊசிக் கை. சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு மேற்கே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமே செய்யாமல் இருப்பது இவ்வளவு ருசி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் காபி டம்ளர் வலது பெருவிரலில் சுட்டது. சட்டென்று கையை எடுத்தேன். "என்னட்டி?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். அவரிடம் மறைத்தேன். எனக்கே ஏன் என்று விளங்கவில்லை. அன்று முழுக்க விரலை எதன் மேலும் படாமல் வைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் டாக்டர் என் கையை மேசைமேல் விரித்து வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார். இவர் என் பின்னால் நின்றார்.

"குண்டூசி வைக்கிறேன். தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சுருக்கென்று இருந்தது. பெருவிரல் நுனியில், ஆட்காட்டி விரல் பக்கமாக, எந்த இடம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். வீட்டில் பதினேழு பெட்டி இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

கொஞ்சம் அழுத்திக் குத்தினார். "இப்ப?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இல்லம்மா" என்றேன்.

டாக்டர் சீட்டில் இன்னும் மூன்று மாதம் என்று எழுதினார். நான் அழுவதைப் பார்த்து இவர் தோளில் கை வைத்தார். "விடுட்டி, இதுக்குப் போய் அழுதுக்கிட்டு" என்றார். "எம்புட்டு நாள் ஆனாலும் காத்திருப்பாங்க."